பயறு எழுப்பிய படை



"செடியிலிருந்து எடுத்த புரதம் நம் உடம்பின் எதிர்ப்புச் செல்களைத் தட்டி எழுப்புகிறது. எழுந்த செல்கள் புற்றுநோயை அழிக்கின்றன." இப்படி ஒரு செய்தியை நீங்களும் எங்காவது படித்திருப்பீர்கள். நாலு வரிதான் இருக்கும். பக்கத்தில் ஒரு செடியின் படம் போட்டிருப்பார்கள். படித்துவிட்டு, "அட, இந்தச் செடி நம்ம கொல்லையிலயே நிக்குதே" என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்.

இந்தச் செய்தியின் முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதிக்குப் போக நேர்வழி கிடையாது. விஞ்ஞானிகள் சுற்றுவழியில் போய்ச் சேரவே பல பத்து ஆண்டுகள் ஆயின. அந்த வழி எது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நான் மருத்துவ மாணவி அல்ல. வேதிப் பொறியியல் டிப்ளமோ இறுதியாண்டு படிக்கிறேன். ஆனால் எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அதனால் தெருவில் யாருக்கு ஸ்கேன் ரிப்போர்ட் வந்தாலும், "இத கொஞ்சம் படிச்சுச் சொல்லும்மா" என்று என்னிடம் நீட்டுவார்கள். கேட்கிறவர்களுக்குச் சரியாகச் சொல்ல வேண்டுமே என்று தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படை எங்கே இருக்கிறது?

நம் ரத்தத்தில் ஒரு கன மில்லிமீட்டருக்கு, அதாவது ஒரு சிறு துளியிலும் சிறு பங்குக்கு, ஏறக்குறைய 50 லட்சம் சிவப்பணுக்கள் உள்ளன. வெள்ளணுக்களோ 4,000 முதல் 11,000 வரைதான். இந்த வெள்ளணுக்களே உடம்பின் காவல்படை. இவற்றில் லிம்போசைட் என்பது ஒரு பிரிவு. லிம்போசைட்டுகளில் டி செல், பி செல் என்று வகைகள் உண்டு. புற்றுநோய் விஷயத்தில் நமக்கு முக்கியமானவை டி செல்கள்.

ஒவ்வொரு டி செல்லும் தன் மேற்பரப்பில் ஒரு குறிப்பிட்ட வடிவத்தை மட்டும் அடையாளம் காணும் ஏற்பியை வைத்திருக்கிறது. தனக்குரிய எதிரி வந்தால்தான் அது விழித்துக்கொள்ளும். விழித்தால் பருக்கும், இரண்டாகப் பிரியும், நாலாகும், எட்டாகும். எதிரி வராதவரை சும்மா சுற்றிக்கொண்டிருக்கும்.

புற்றுநோயில் என்ன சிக்கல் என்றால், எதிரி வெளியிலிருந்து வருவதில்லை. நம்முடைய சொந்தச் செல்தான் கட்டுமீறி வளர்கிறது. அது வீட்டு ஆள் மாதிரியே உடுத்திக்கொண்டு நிற்பதால் காவல்படை பல சமயம் கண்டுகொள்வதில்லை. சில கட்டிகள் காவலரைத் தூங்க வைக்கும் வேலையையும் செய்கின்றன. ஆகவே, "தூங்குகிற படையை எழுப்ப முடியுமா?" என்ற கேள்வி இயல்பாகவே எழுந்தது. அதற்கு முதல் பதில் ஒரு பயறிலிருந்து வந்தது.

ஆமணக்கில் தொடங்கிய கதை

1888-ஆம் ஆண்டு. இன்றைய எஸ்டோனியா நாட்டிலுள்ள டார்ப்பாட் பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஸ்டில்மார்க் என்ற மாணவர் ஆமணக்கு விதையை ஆராய்ந்தார். விதைச் சாற்றை ரத்தத்தில் கலந்தபோது சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகத் திரண்டன. அந்தப் புரதத்துக்கு ரிசின் என்று பெயர் வைத்தார். ரிசின் கொடிய நஞ்சு. (விளக்கெண்ணெயைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ரிசின் எண்ணெயில் கரையாது, பிண்ணாக்கிலேயே தங்கிவிடும்.)

மூன்று ஆண்டுகள் கழித்து, 1891-இல், ஜெர்மனியின் பால் எர்லிக் இந்த ரிசினையும் நம் குன்றிமணியில் உள்ள அப்ரின் என்ற நஞ்சையும் சுண்டெலிகளிடம் பரிசோதித்தார். மிகச் சிறிய அளவில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுத்தால், மற்ற எலிகளைக் கொல்லும் அளவையும் அவை தாங்கிக்கொண்டன. ஆனால் ரிசினுக்குப் பழகிய எலியை அப்ரின் கொன்றுவிட்டது. அப்ரினுக்குப் பழகிய எலிக்கு ரிசினிடமிருந்து பாதுகாப்பு இல்லை. அதாவது எதிர்ப்புச் சக்தி என்பது பொதுவாக "கூடுகிற" ஒன்றல்ல, அது ஆளறிந்து அடிக்கிறது. இந்தப் பாடத்தை நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவும். பின்னால் தேவைப்படும்.

இப்படி ரத்த அணுக்களை ஒட்ட வைக்கும் தாவரப் புரதங்கள் பலவும் பின்னர் கண்டுபிடிக்கப்பட்டன. சில புரதங்கள் ஏ வகை ரத்தத்தை மட்டும் தேர்ந்து ஒட்டுவதைக் கண்ட அமெரிக்கர் வில்லியம் பாய்ட், 1954-இல் இவற்றுக்கு லெக்டின் என்று பெயரிட்டார். லத்தீன் மொழியில் "தேர்ந்தெடுத்தல்" என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது அது.

லெக்டின் எப்படி வேலை செய்கிறது?

நம் செல்களின் மேற்பரப்பு வழவழப்பாக இருப்பதில்லை. அதில் சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலி சங்கிலியாகத் தொங்குகின்றன. ஒவ்வொரு லெக்டினும் ஒரு குறிப்பிட்ட சர்க்கரை அமைப்பைப் பிடித்துக்கொள்ளும். அதற்கு ஒரு கை மட்டும் இருந்தால் பிடித்ததோடு சரி. பெரும்பாலான லெக்டின்களுக்கு இரண்டு அல்லது நான்கு கைகள் உண்டு.

வயல்வரப்பில் நடந்தால் நாயுருவி விதை சேலையில் ஒட்டிக்கொண்டு வரும் அல்லவா? ஒரு பக்கம் முந்தானை, மறுபக்கம் கொசுவம் என்று இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். லெக்டினும் அப்படித்தான். இரண்டு செல்களைப் பிடித்தால் செல்கள் ஒட்டிக்கொள்ளும். ஒரே செல்லின் மேலுள்ள இரண்டு ஏற்பிகளைச் சேர்த்துப் பிடித்தால், அந்தச் செல்லுக்குள் ஒரு சமிக்ஞை போகும்.

நம் துறைக்காரர்களுக்கு ஒரு செய்தி. வாளவரை இனத்தைச் சேர்ந்த ஒரு அவரையில் கன்கனவாலின்-ஏ என்ற லெக்டின் இருக்கிறது. 1965-இல் அகர்வால், கோல்ட்ஸ்டீன் இருவரும் அதைச் சுத்தமாகப் பிரித்தெடுக்க ஒரு சுலப வழியைக் காட்டினார்கள். சர்க்கரைச் சங்கிலியால் ஆன ஜெல்லை ஒரு காலத்தில் நிரப்பி விதைச் சாற்றை ஊற்ற வேண்டும். மற்றப் புரதங்கள் எல்லாம் வழிந்து ஓடிவிடும், லெக்டின் மட்டும் ஜெல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பிறகு குளுக்கோஸ் கரைசலை ஊற்றினால் ஜெல்லை விட்டுவிட்டு குளுக்கோஸோடு வெளியே வந்துவிடும். நாம் லேபில் செய்கிற பிரிப்பு முறைகளுக்கு இது தூரத்துச் சொந்தம் இல்லை, பக்கத்து வீட்டுச் சொந்தம்.

1960: தற்செயலாகக் கிடைத்த திறவுகோல்

இப்போது முக்கியமான கட்டத்துக்கு வருகிறோம். ராஜ்மா என்று கடையில் விற்கும் சிவப்புப் பயறில் பைட்டோஹீமக்ளூட்டினின் என்ற லெக்டின் உண்டு. பெயர்தான் நீளம், பொருள் சுலபம்: பைட்டோ என்றால் தாவரம், ஹீம் என்றால் ரத்தம், அக்ளூட்டினின் என்றால் ஒட்ட வைப்பது. சுருக்கமாக பி.எச்.ஏ. ஆய்வகங்களில் சிவப்பணுக்களை ஒட்டவைத்துக் கீழே படிய வைத்துவிட்டு, மேலே நிற்கும் வெள்ளணுக்களை எடுக்க அதைப் பயன்படுத்தி வந்தார்கள். அதற்கு மேல் அதற்கு வேலை இருப்பதாக யாரும் நினைக்கவில்லை.

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரிலுள்ள பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பீட்டர் நோவல் என்பவர் ரத்தப் புற்றுநோய்ச் செல்களைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்த்துக்கொண்டிருந்தார். சில நாட்களில் நோயில்லாத சாதாரண லிம்போசைட்டுகளும் பிரிந்து பெருகுவதைக் கண்டார். இது பெரிய ஆச்சரியம். ஏனென்றால் லிம்போசைட் என்பது வளர்ச்சி முடிந்த செல், இனிப் பிரியாது என்றே அன்று நம்பினார்கள். காரணம் எது என்று தேடியபோது அந்தப் பயறுப் புரதம் பிடிபட்டது. பி.எச்.ஏ. இருந்தால் செல் பிரிகிறது, இல்லாவிட்டால் பிரிவதில்லை. 1960-இல் இதை வெளியிட்டார்.

பி.எச்.ஏ. டி செல்லின் ஏற்பிகளைச் சேர்த்துப் பிடிக்கிறது. செல்லுக்குள் கால்சியம் அளவு உயர்கிறது. தூங்கிய மரபணுக்கள் வேலை தொடங்குகின்றன. இரண்டு மூன்று நாளில் செல் பருத்துப் பிரிகிறது. தனக்குரிய எதிரியைப் பார்க்காமலேயே டி செல் விழித்துக்கொள்கிறது!

இன்றும் ரத்தத்தில் குரோமோசோம் பரிசோதனை செய்யும்போது பி.எச்.ஏ. சேர்த்து 72 மணி நேரம் வளர்ப்பது வழக்கமான முறை. செல் பிரியும்போதுதான் குரோமோசோம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும், பிரிய வைப்பது பயறு.

பயறிலிருந்து மருந்து வரை

1976-இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் மார்கன், ருசெட்டி, கேலோ மூவரும் ஒன்றைக் கவனித்தார்கள். பி.எச்.ஏ.யால் எழுந்த செல்கள் தாம் இருந்த திரவத்தில் ஏதோ ஒன்றைச் சுரக்கின்றன. அந்தத் திரவத்தை எடுத்து வேறு டி செல்களுக்கு ஊற்றினால் அவை மாதக்கணக்கில் வளர்கின்றன. அந்தச் சுரப்புக்குப் பிறகு இன்டர்லூக்கின்-2 என்று பெயர் வந்தது. எழுப்பியது பயறு, பெருக வைத்தது உடம்பே சுரக்கும் இந்தப் பொருள்.

1983-இல் ஜப்பானின் தனிகுச்சி குழு இதன் மரபணுவைப் பிரித்தெடுத்தது. அதன்பின் பயறும் வேண்டாம், ரத்தமும் வேண்டாம். ஈ.கோலை பாக்டீரியாவை வைத்தே தொட்டியில் இன்டர்லூக்கின்-2 தயாரிக்க முடிந்தது. அதே நிறுவனத்தின் ஸ்டீவன் ரோசன்பெர்க் இதை நோயாளிகளுக்குக் கொடுத்து, 1985-இல் சிலரின் கட்டிகள் சுருங்கியதை வெளியிட்டார். பரவிய சிறுநீரகப் புற்றுநோய்க்கு 1992-இலும், மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கு 1998-இலும் அமெரிக்கா இம்மருந்துக்கு அனுமதி தந்தது.

எத்தனை பேருக்குப் பயன்பட்டது? நூறு பேரில் ஏறக்குறைய 15 பேருக்குக் கட்டி சுருங்கியது. அவர்களில் சிலருக்கு முழுவதும் மறைந்து பல ஆண்டுகள் திரும்பவே இல்லை. ஆனால் மருந்தின் வேகத்தில் ரத்தக் குழாய்கள் கசிந்து, ரத்த அழுத்தம் விழுந்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்துத்தான் கொடுக்க வேண்டியிருந்தது. எழுப்புவதற்கும் ஒரு விலை உண்டு.

அடுத்த கட்டம் இன்னும் நுட்பமானது. நோயாளியின் டி செல்லையே வெளியே எடுத்து, புற்றுநோய்ச் செல்லை அடையாளம் காட்டும் ஏற்பியை மரபணு மூலம் பொருத்தி, பெருக்கி, திரும்ப உடம்பில் ஏற்றுவது. இதற்கு கார்-டி சிகிச்சை என்று பெயர். அமெரிக்கா 2017-இல் முதன்முதலாக அனுமதித்தது. நம் நாட்டில் மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. மற்றச் சிகிச்சைகளுக்கு அடங்காத சிலவகை ரத்தப் புற்றுநோய்களுக்கு இது. இங்கும் டி செல்லை முதலில் எழுப்பத்தான் வேண்டும். ஆனால் அந்த வேலைக்குப் பயறுப் புரதத்தைவிடத் துல்லியமான ஆண்டிபாடிகள் இப்போது வந்துவிட்டன. பயறு பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி. பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது.

அப்படியானால் பயறையே சாப்பிட்டால் என்ன?

எங்கள் தெருவில் ஓர் அக்கா. மார்பில் கட்டி வந்தது. பக்கத்து ஊரில் ஒருவர் விதைப் பொடி கொடுத்து, "இது எதிர்ப்புச் சக்தியக் கூட்டும், கத்தி வைக்கவே வேணாம்" என்று சொல்லிவிட்டார். ஏழு மாதம் அந்தப் பொடியைச் சாப்பிட்டார். கட்டி அக்குள் வரைக்கும் போன பிறகுதான் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார்கள். இப்போது கீமோதெரபி நடக்கிறது. முடியெல்லாம் கொட்டிவிட்டது. மாற்றுத் துணி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் வருவது அவருடைய அம்மாதான்.

நான் இதைப் பற்றி எழுதுவதைக் கேள்விப்பட்டு அந்த அம்மா என்னிடம் கேட்டார்: "ஏம்மா, நீ எழுதற புரதமும் செடியிலேர்ந்துதான வருது? அந்தப் பொடியும் செடிதான? அப்புறம் அது மட்டும் ஏன் கேக்கல?"

நியாயமான கேள்வி. நான் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரிவாக இங்கே தருகிறேன்.

ஒன்று: வாய்வழி போன லெக்டின் டி செல்லுக்குப் போய்ச் சேர்ந்து சிகிச்சை செய்வதில்லை. ராஜ்மாவை நன்றாக வேகவைத்தால் பி.எச்.ஏ. அழிந்துவிடும், அப்புறம் எழுப்ப எதுவும் இல்லை. வேகாமல் தின்றால் அது குடலின் உட்சுவரைப் பிடித்துக்கொள்ளும். நாலைந்து பச்சைப் பயறே கடும் வாந்திக்கும் வயிற்றுப்போக்குக்கும் போதும். அதனால் 5 மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் 30 நிமிடம் கொதிக்கவிடச் சொல்கிறது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம். அரைவேக்காடு ஆபத்து.

இரண்டு: ரத்தத்திலேயே ஊசியாகப் போட்டாலும் ஆகாது. பி.எச்.ஏ. வெள்ளணுவை மட்டுமல்ல, சிவப்பணுவையும் ஒட்ட வைக்கும். ஆய்வகத்தில் சிவப்பணுக்களைப் படிய வைக்க எது உதவியதோ, அதுவே உடம்பில் ஆபத்து.

மூன்று: இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். பி.எச்.ஏ. டி செல்களை ஆள் பார்க்காமல் எழுப்புகிறது. நடுராத்திரியில் ஊரையே தண்டோரா போட்டு எழுப்பிவிட்டு, திருடன் யார் என்று சொல்லாமல் போனால் என்ன ஆகும்? எல்லோரும் தடியோடு தெருவில் நிற்பார்கள், திருடனும் கூட்டத்தோடு நிற்பான். எர்லிக்கின் எலிகள் சொன்ன பாடம் இதுவே. கார்-டி முறையில் விழிப்பும் உண்டு, அடையாளமும் உண்டு. "எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்" என்று விற்கிற பொடியில் அடையாளம் இல்லை. விழிப்பாவது உண்டா என்று யாரும் அளந்து பார்த்ததும் இல்லை.

ஐரோப்பாவில் இதற்கு ஒரு நூறாண்டு உதாரணம் உண்டு. மரங்களின் மேல் புல்லுருவி போல வளரும் மிசில்டோ என்ற செடியின் சாற்றைப் புற்றுநோயாளிகளுக்கு ஊசியாகப் போடும் வழக்கம் ருடால்ஃப் ஸ்டைனர் காலத்தில் தொடங்கியது. அதிலும் லெக்டின் உண்டு, சோதனைக் குழாயில் எதிர்ப்புச் செல்களைத் தூண்டவும் செய்கிறது. ஆனால் 2008-இல் 21 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, நோயாளியின் ஆயுளை நீட்டிக்கிறது என்பதற்கான சான்று பலவீனமாகவே இருந்தது. ஜெர்மனியில் துணைச் சிகிச்சையாகப் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்காவில் புற்றுநோய் மருந்தாக அனுமதி இல்லை. சோதனைக் குழாயில் நடப்பது எல்லாம் உடம்பில் நடப்பதில்லை.

செடி மேல் குற்றம் இல்லை

இதனால் செடி மருந்து எல்லாமே பொய் என்று நான் சொல்லவில்லை. கீமோதெரபியில் கொடுக்கும் வின்கிரிஸ்டின் என்ற மருந்து பிறந்ததே நித்தியகல்யாணிச் செடியில்தான். அது புரதம் அல்ல, வேறு வகை வேதிப்பொருள். ஆனால் நித்தியகல்யாணி இலையை அரைத்துக் குடிக்கச் சொல்வதில்லை. சுத்தமாகப் பிரித்து, மில்லிகிராமில் அளந்து, எத்தனை பேருக்குக் கொடுத்தோம், எத்தனை பேர் தேறினார்கள் என்று எண்ணி எழுதி வைத்த பிறகே கொடுக்கிறார்கள்.

லெக்டின்களும் வேறு வழிகளில் புற்றுநோய் மருத்துவத்துக்கு உதவியிருக்கின்றன. 1981-இல், சோயா லெக்டினைப் பயன்படுத்திப் பிரித்த எலும்பு மஜ்ஜையை ரத்தப் புற்றுநோயாளிக்கு மாற்றிப் பொருத்தினார்கள். முழுவதும் பொருந்தாத பெற்றோர் மஜ்ஜையில் இருக்கும் ஆபத்தான டி செல்களை நீக்குவதற்கு அது உதவியது. பாருங்கள், ஒரு லெக்டின் டி செல்லை எழுப்புகிறது, இன்னொன்று டி செல்லை விலக்க உதவுகிறது!

நமக்குப் பக்கத்திலும் நல்ல வேலை நடந்திருக்கிறது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் எம்.விஜயன் குழுவினர் நிலக்கடலை லெக்டினின் அமைப்பை 1994-இலும், பலாக்கொட்டையில் உள்ள ஜாக்கலினின் அமைப்பை 1996-இலும் எக்ஸ்ரே மூலம் கண்டுபிடித்தார்கள். பல புற்றுநோய்ச் செல்களின் மேல் வழக்கத்துக்கு மாறாக வெளியே தெரியும் ஒரு சர்க்கரை அமைப்பை இவை இரண்டும் பிடிக்கக்கூடியவை. நோய்ச் செல்லை அடையாளம் காண ஆய்வகத்தில் இது பயன்படுகிறது. இதைப் படித்துவிட்டுப் பலாக்கொட்டை சாப்பிட்டால் புற்றுநோய் வராது என்று யாரும் கிளப்பிவிட வேண்டாம். பலாக்கொட்டைக் குழம்பு ருசிக்காகச் சாப்பிடலாம், அவ்வளவுதான்.

நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

நண்பர்களே, நம்மில் பலரும் வீட்டுக்கு முதல் படிப்பாளிகள். நாம் சொல்வதை நம் தெரு நம்பும். ஆகவே இனி இப்படி ஒரு செய்தி கண்ணில் பட்டால் நாலு கேள்வி கேட்போம்.

1. இது நடந்தது கண்ணாடிப் பாத்திரத்திலா, எலியிலா, மனிதரிலா?
2. மனிதர் என்றால் எத்தனை பேர்? மருந்து கொடுக்காத, அல்லது வழக்கமான மருந்து எடுத்தவர்களோடு ஒப்பிட்டார்களா?
3. கொடுத்தது சுத்தமான பொருளா, பொடியா? எந்த அளவு?
4. இதற்காக வேறு சிகிச்சையை நிறுத்தச் சொல்கிறார்களா?

நாலாவது கேள்விக்கு "ஆமாம்" என்று பதில் வந்தால் மேலே பேச வேண்டியதே இல்லை. கட்டி என்று தெரிந்தால் முதலில் போக வேண்டிய இடம் மருத்துவமனை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கி வைத்தார். அந்தக் காலத்திலேயே கட்டியவர்கள் இருக்க, இன்று நாம் பொடிக்காகக் காத்திருக்கக் கூடாது. ஆரம்பத்தில் கண்டுபிடித்த மார்பகப் புற்றுநோய் பெரும்பாலும் குணமாகக்கூடியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்டர்லூக்கினை பாக்டீரியாத் தொட்டியில் வளர்ப்பதற்கும், புரதத்தைக் காலத்தில் பிரிப்பதற்கும், டி செல்லை 37 டிகிரியில் கெடாமல் காப்பதற்கும் டாக்டர் மட்டும் போதாது. வால்வு, பம்பு, வடிகட்டி, வெப்பக் கட்டுப்பாடு தெரிந்த ஆட்கள் வேண்டும். அது நம் பாடத்திட்டம். மருத்துவக் கல்லூரி வாசலை மிதிக்காத நாமும் அந்த வேலையில் ஒரு கை கொடுக்கலாம். அதற்குத் தகுதியாகப் படிப்போம்.

– இறுதியாண்டு மாணவி, வேதிப் பொறியியல் பிரிவு